பன் வேண்டாம், மீதியைக் கொடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மாவுச்சத்து, அதாவது கார்போஹைட்ரேட், குறைந்த சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று நிலையத்தில் கேட்டார்கள். எதைச் சாப்பிடலாம், எதைத் தொடவே கூடாது என்று சொல்வதற்கு இன்றைக்கு ஆளுக்குப் பஞ்சமில்லை, அந்தப் பட்டியலை நானும் ஒருமுறை ஒப்பிக்கப் போவதில்லை. எனக்கு டைப் 2 சர்க்கரை உண்டு, வேலை காரணமாகப் பாதி நாள் வெளியில்தான் சாப்பாடு. அதனால் உணவகங்களிடமும் உணவு கம்பெனிகளிடமும் என்னைப் போன்றவர்கள் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்டால் காரியம் நடக்கும் என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இருப்பதில் ஒன்றை எடுத்துவிட்டு, மிச்சத்தில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்று சொன்னால் போதும். கேட்பது இவ்வளவுதான், ஆனால் இதை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

ஒரு சாதாரண உணவகத்தின் சமையலறையை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. வெள்ளை ரொட்டியில் 100 கிராமுக்கு 50ஐ நெருங்கும். வேகவைத்த உருளைக்கிழங்கில் 20 என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கம் பார்த்தால் காலிஃபிளவரில் 5, முட்டை ஒன்றில் ஒரு கிராம்கூடக் கிடையாது, மீனிலும் இறைச்சியிலும் கிட்டத்தட்ட பூஜ்யம். எல்லாம் ஒரே சமையலறையில்தான் இருக்கின்றன. ஆனால் மெனுவில் ஏறும்போது முட்டை ரொட்டிக்குள் போய்விடுகிறது, மீன் மாவில் புரண்டு எண்ணெயில் விழுகிறது, இறைச்சி பன்னுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்கிறது, கேட்காமலே கூட ஒரு குவியல் உருளைக்கிழங்கு வறுவல் வருகிறது. பொருள் இல்லாமல் இல்லை. சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான், பிரித்துக் கொடுங்கள் என்றால் முழிக்கிறார்கள்.

இதையெல்லாம் எத்தனை பேர் கேட்கப் போகிறார்கள் என்று ஒரு முதலாளி நினைக்கலாம். சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பின் கணக்குப்படி 2024இல் உலகத்தில் சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் சுமார் 58.9 கோடி பேர், அதாவது ஒன்பது பேரில் ஒருவர். பெரிய மேசை ஒன்றில் ஒன்பது பேர் வந்து உட்கார்ந்தால் அதில் ஒருவர் எங்கள் ஆள், அவர் சாப்பிட ஒன்றும் இல்லையென்றால் மற்ற எட்டுப் பேரும் அவரோடு எழுந்து வேறு கடைக்குப் போய்விடுவார்கள் என்பது வியாபாரம் தெரிந்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மருத்துவத் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நீரிழிவு சங்கம் 2019இல் வெளியிட்ட உணவு அறிக்கையில், சர்க்கரை நோயாளிகளின் இரத்தச் சர்க்கரையைச் சீராக்குவதில் மொத்த மாவுச்சத்தைக் குறைப்பதற்குத்தான் அதிக ஆதாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்.

அதற்காக உலகமே மாவுச்சத்தைக் கைவிட வேண்டும் என்று கொடி பிடிக்க மாட்டேன். உடல் எடை விஷயத்தில் கதை வேறு மாதிரி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவைக் கொழுப்பையும் இன்னொரு குழுவை மாவுச்சத்தையும் குறைக்கச் சொல்லி ஒரு வருடம் பார்த்தார்கள், 2018இல் வந்த முடிவில் இரண்டு குழுக்களுக்கும் எடைக் குறைவில் பெரிய வித்தியாசம் இல்லை. யாருக்கு எது ஒத்துவருகிறதோ அது. ஆனால் ஒத்துவருவதைத் தேர்ந்தெடுக்க மெனுவில் அது இருக்க வேண்டுமே! இன்னொன்று, இதைக் கேட்டுவிட்டு யாராவது நாளையிலிருந்து திடீரென்று குறைக்கப் போகிறீர்கள் என்றால், அதிலும் இன்சுலின் போடுகிறவராகவோ சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவராகவோ இருந்தால், முதலில் டாக்டரிடம் பேசுங்கள். சாப்பாட்டைக் குறைத்துவிட்டு மருந்தைப் பழைய அளவிலேயே எடுத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரிடலாம், அது விளையாட்டில்லை.

சரி, கம்பெனிகளிடம் போவோம். இவர்களிடம் லோ கார்ப், அதாவது மாவுச்சத்து குறைவானது, என்று வாயைத் திறந்தாலே ஒரு பதில் தயாராக இருக்கும்: "அதெல்லாம் செய்து பார்த்தாயிற்று, விற்கவில்லை." பொய் இல்லை, செய்து பார்த்தார்கள். மாவுச்சத்தைக் குறையுங்கள் என்று அமெரிக்க டாக்டர் ராபர்ட் அட்கின்ஸ் 1970களில் தொடங்கிவைத்த பேச்சு முப்பது வருடம் கழித்து, 2003, 2004 வாக்கில் அமெரிக்காவில் பெரிய அலையாக அடித்தது. கடை அலமாரியெங்கும் லோ கார்ப் லேபிள். கோகோ கோலாவும் பெப்சியும் 2004இல் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்த பானங்களைக் கொண்டுவந்தன, சில வருடங்களில் இரண்டும் காணாமல் போயின. அட்கின்ஸ் பெயரில் நடந்த கம்பெனியே 2005இல் திவால் மனு கொடுத்தது. ஆட்கள் பயந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் அப்போது என்ன விற்றார்கள் என்று பாருங்கள். சாக்லேட் பார், பிஸ்கட், ஐஸ்கிரீம், கேக் மாவு. சர்க்கரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மால்டிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள் என்கிற இனிப்பூட்டிகளைப் போட்டு, அதை மொத்த மாவுச்சத்திலிருந்து கழித்துவிட்டு, "நெட் கார்ப் (கழித்தது போக மிச்ச மாவுச்சத்து) இவ்வளவுதான்" என்று அட்டையின் முகப்பில் பெரிய எழுத்தில் அடித்தார்கள். மால்டிட்டால் பூஜ்யம் இல்லை. கிராமுக்குச் சர்க்கரையில் பாதி கலோரி அதில் இருக்கிறது, சர்க்கரை அளவுக்கு இல்லாவிட்டாலும் இரத்தச் சர்க்கரையையும் ஏற்றத்தான் செய்யும். அதிகம் சாப்பிட்டால் வயிறு என்ன ஆகும் என்பதை வானொலியில் விவரிக்க வேண்டாம், ஐரோப்பாவில் இவை 10 சதவீதத்துக்கு மேல் சேர்ந்தால் பேதியாகலாம் என்று பொட்டலத்தில் எச்சரிக்கை போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இதில் பாதிப் பொருட்கள் சாதாரணப் பண்டத்தைவிட விலை அதிகம், ருசி மட்டம். வாங்கியவர் ஒருமுறை வாங்கினார், மறுமுறை வரவில்லை. என்னைக் கேட்டால் அன்றைக்குத் தோற்றது அந்த மிட்டாய்கள். மாவுச்சத்து குறைந்த சாப்பாட்டை யாரும் ஒழுங்காக விற்றுப் பார்க்கவே இல்லை.

அந்த அலை ஓய்ந்த பிறகும் நின்றது எது தெரியுமா? பன்னுக்குப் பதிலாக லெட்யூஸ் இலையில் சுற்றிக் கொடுக்கிற பர்கர். அதற்கு ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம், விளம்பரப் படம் வேண்டாம். ஆனால் அதிலும் கைப்பக்குவம் உண்டு. சில கடைகளில் கழுவின ஈரத்தோடு ஒற்றை இலையை மேலே போர்த்திக் கொடுப்பார்கள், இரண்டாவது கடியில் இறைச்சி வழுக்கி மடியில் விழும். தெரிந்தவர் செய்தால் ஐஸ்பெர்க் லெட்யூஸின் பெரிய வெளியிலைகளைக் குளிர்ச்சியாக எடுத்து, தண்ணீர் போக ஒற்றித் துடைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்து, நடுவில் இறைச்சியையும் சீஸையும் வைத்து மடித்து, கடைசியில் காகிதத்தை இறுக்கமாகச் சுற்றிவிடுவார். அந்தக் காகிதம்தான் முக்கியம். மேலேயிருந்து சாப்பிடச் சாப்பிடக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டே கீழே வரலாம், கையில் ஒரு சொட்டு ஒழுகாது. லோ கார்ப் என்று எங்கள் தலையில் எதையோ கட்டாமல், சாப்பிடுகிறவரை மனதில் வைத்துச் செய்தது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

உணவகங்களில் அடுத்த தொல்லை, கண்ணுக்குத் தெரியாத மாவு. ஆம்லெட் என்றால் முட்டைதானே என்று நம்பி வாங்குவோம், ஆனால் பஞ்சு மாதிரி உப்பி வர வேண்டும் என்று அதில் ஒரு கரண்டி பான்கேக் மாவைக் கலக்கிற சமையலறைகள் உண்டு. சூப்பைக் கெட்டியாக்க மைதாவோ சோளமாவோ போடுவார்கள். சுட்ட கோழியின் பளபளப்பு சில இடங்களில் சர்க்கரையால் வந்தது. சில வகைத் தொத்திறைச்சியில் ரொட்டித்தூள் இருக்கும். தக்காளி கெச்சப் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 4 கிராம் சர்க்கரை, அதை யார் ஒரு கரண்டியோடு நிறுத்துகிறார்கள்? பரிமாறுகிறவரிடம் இதில் மாவு இருக்கிறதா என்று கேட்டால் பாவம், அவருக்கும் தெரியாது, "இல்லை சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லி என்ன பயன், சாஸ் அவருடைய கடைக்கே டின்னில் வருகிறது.

இத்தனைக்கும் கணக்கு இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 20 கிளைகளோ அதற்கு மேலோ உள்ள உணவகங்கள் 2018 முதல் மெனுவிலேயே கலோரியைப் போட வேண்டும், கேட்டால் மாவுச்சத்து, நார்ச்சத்து, சர்க்கரை, புரதம் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆக, எண் அவர்களிடம் இருக்கிறது. இங்கிலாந்திலும் 2022 முதல் பெரிய உணவகங்கள் கலோரியைப் போடுகின்றன. ஆனால் எனக்குக் கலோரியைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப் போகிறது? 500 கலோரி மீன் தட்டும் 500 கலோரி நூடுல்ஸும் என் சர்க்கரை மீட்டரில் ஒன்றல்ல. கலோரிக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு எண், மாவுச்சத்து இத்தனை கிராம் என்று அச்சடிக்க எவ்வளவு மை செலவாகிவிடும்?

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு உணவகத்தில் உருளைக்கிழங்கு வறுவல் வேண்டாம், அதற்குப் பதில் கொஞ்சம் பச்சைக் காய்கறி கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார்கள். பில்லில் காய்கறிக்குத் தனியாகக் காசு, வராத வறுவலுக்கும் சேர்த்துக் காசு. காய்கறி விலை அதிகம், ஒத்துக்கொள்கிறேன், வித்தியாசத்தை வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று தள்ளியதற்கும் சேர்த்து ஏன் வாங்க வேண்டும்?

இப்போது பொட்டலங்கள். லேபிளைப் படியுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள், ஆனால் லேபிளே ஊருக்கு ஊர் மாறுகிறது. அமெரிக்க லேபிளில் மொத்த மாவுச்சத்து என்று போட்டிருப்பதில் நார்ச்சத்தும் அடக்கம், ஐரோப்பிய லேபிளில் நார்ச்சத்தை ஏற்கெனவே கழித்துவிட்டுத்தான் போடுகிறார்கள். இது தெரியாமல் ஐரோப்பியப் பொட்டலத்தில் நார்ச்சத்தைக் கழித்துக் கணக்குப் போட்டால் இரண்டு முறை கழித்ததாகிவிடும், இன்சுலின் அளவைக் கணக்கிட்டுப் போடுகிறவருக்கு இது ஆபத்தில் முடியலாம். அப்புறம், குளூட்டன் என்கிற கோதுமைப் புரதம் இல்லாதது என்று எழுத வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரையறை இருக்கிறது. லோ கார்ப் என்பதற்கு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ அப்படி எந்த வரையறையும் வகுக்கவில்லை. மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒரு சாமான் இருக்கிறது, பெயரைப் பார்த்தால் ஏதோ மருந்து மாதிரி இருக்கும், வயிற்றுக்குள் போனதும் மளமளவென்று குளூக்கோஸாக மாறிவிடும், ஆனால் லேபிளில் சர்க்கரைக் கணக்கில் அது வராது. "சர்க்கரை குறைவு" என்ற வார்த்தையை மட்டும் நம்பி வாங்குகிறவர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார். கொழுப்பில்லாத சாலட் டிரஸ்ஸிங்கும் இதே ரகம்தான், கொழுப்பை எடுத்த இடத்தைச் சர்க்கரையும் ஸ்டார்ச்சும் பிடித்துக்கொள்ளும்.

செய்முறையை மாற்ற முடியாது, ஜனங்களின் நாக்கு ஏற்காது என்பதெல்லாம் சாக்கு. பிரிட்டனில் 100 மில்லியில் 5 கிராமும் அதற்கு மேலும் சர்க்கரை உள்ள குளிர்பானங்களுக்கு வரி வரும் என்று 2016இல் அறிவித்தார்கள், வரி நடைமுறைக்கு வந்தது 2018 ஏப்ரலில். அந்த இரண்டு வருடத்துக்குள் ஏகப்பட்ட கம்பெனிகள் தாங்களாகவே சர்க்கரையைக் குறைத்து வரிக்குக் கீழே வந்துவிட்டன. முடியாததை முடித்தார்கள் என்று பாராட்டலாமா, இத்தனை நாள் ஏன் செய்யவில்லை என்று கேட்கலாமா, நீங்களே முடிவு செய்யுங்கள். கம்பெனிகளிடம் என் கோரிக்கை ரொம்பச் சாதாரணம். சர்க்கரை போடாத தயிர், மாவு போடாத சாஸ், மாவு பூசாத உறைந்த மீன், இவற்றைச் சின்ன அளவில், எல்லாக் கடைகளிலும் கிடைக்கிற மாதிரி கொடுங்கள். முகப்பில் லோ கார்ப் என்று எழுதக்கூட வேண்டாம்.

கேட்பது எப்படி என்பதற்கு வருகிறேன். கவுன்டரில் நிற்கிற பையனிடம் சத்தம் போடாதீர்கள், மெனுவை அவர் முடிவு செய்வதில்லை. நிறைய கடைகளில் பில் போடும் மெஷினில் "பன் இல்லாமல்" என்று ஒரு பட்டனே கிடையாது. அதனால் நீங்கள் சொன்னதை அவர் சமையலறையைப் பார்த்து வாயால் கத்திச் சொல்கிறார், பில்லில் சாதாரண பர்கர் என்றுதான் ஏறுகிறது. மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்தில் கணக்கைப் பார்க்கிறவருக்கு ஒரு ஆள்கூடப் பன்னில்லாமல் கேட்டதாகத் தெரியாது, "அதற்கெல்லாம் டிமாண்ட் இல்லை" என்று அவர் சொல்வது அவர் கையில் உள்ள காகிதப்படி உண்மைதான்! அதனால் தலைமை அலுவலகத்துக்கு எழுதும்போது முதலில் அந்தப் பட்டனைக் கேளுங்கள். கடிதத்தில் ஆரோக்கியத்தைப் பற்றிப் பிரசங்கம் வேண்டாம். எந்தக் கிளை, எந்த நேரம், எதைக் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, கொடுத்திருந்தால் வாரத்துக்கு எத்தனை முறை வந்திருப்பீர்கள், உங்களோடு எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று எழுதுங்கள். பொட்டல உணவு என்றால் பின்பக்கம் வாடிக்கையாளர் சேவை முகவரி இருக்கும், பொருளின் பெயரோடு அதிலுள்ள எந்தப் பொருள் உங்களைத் தடுக்கிறது என்பதையும் குறிப்பிடுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் இல்லாமல் இதே சூப் வந்தால் வாங்குவேன் என்று ஒரு வரி போதும். நல்லதாக ஒரு கடையில் கிடைத்தால் அதையும் எழுதுங்கள், அந்த மேலாளருக்கு மேலிடத்தில் காட்ட ஒரு தாள் கிடைக்கும். நேரம் ஆகிவிட்டது, வணக்கம்.