கார்ட்டஹேனாவைக் காப்பாற்றியது எது?

[காட்சி: கடலோர மதில், பின்னால் தேவாலயக் கோபுரங்கள்]

கொலம்பியாவின் கரீபியன் கரையில் இருக்கிறது கார்ட்டஹேனா. 1533இல் ஸ்பெயின்காரர் பெத்ரோ தெ எரேதியா நிறுவிய ஊர். உள்நாட்டில் திரட்டிய தங்கமும் மரகதமும் இங்கிருந்து கப்பலேறின. கொள்ளையர் சும்மா இருப்பார்களா? 1586இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் டிரேக் ஊரைப் பிடித்து, பெரும் பிணைத்தொகை கறந்துகொண்டுதான் போனார். அதன் பிறகுதான் ஸ்பெயின் விழித்துக்கொண்டு மதில் எழுப்பத் தொடங்கியது.

கல் சுமந்தவர்களில் ஏராளமானோர் ஆப்பிரிக்க அடிமைகள். ஸ்பானிய அமெரிக்காவின் மிகப் பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்று இந்த ஊர். சுற்றுலா விளம்பரங்கள் இதைச் சட்டென்று தாண்டிவிடும். நாம் தாண்ட முடியாது. அந்த அடிமைக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில், மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் ஒரு கொசுவும் அமெரிக்கா வந்து சேர்ந்தது.

[வரைபடம்: வளைகுடா, போகாசிகா நுழைவாயில்]

1741. ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் வெர்னன் ஏறக்குறைய 180 கப்பல்களோடு வந்து நின்றார். எதிரே ஸ்பானியக் கடற்படைத் தளபதி பிளாஸ் தெ லெசோவிடம் ஆறே போர்க்கப்பல்கள். லெசோவுக்கு ஒரு கால் இல்லை, ஒரு கண்ணில் பார்வை இல்லை, ஒரு கை செயலிழந்தது. எல்லாம் பழைய போர்களில் போனவை.

போகாசிகா கோட்டை விழுந்தது. அந்தச் செய்தி எட்டியதும் இங்கிலாந்தில் வெற்றிப் பதக்கமே அடித்துவிட்டார்கள், லெசோ வெர்னன்முன் மண்டியிடுவதுபோல! ஒற்றைக் காலோடு எப்படி மண்டியிடுவார் என்று யாரும் யோசிக்கவில்லை போலும்.

ஏப்ரலில் சான் ஃபெலிப்பே கோட்டை இருந்த குன்றின் மீது நடந்த தாக்குதல் படுதோல்வி. கொண்டுவந்த ஏணிகள் சுவருக்கு எட்டவில்லை. அப்புறம் கொசு வேலையைக் காட்டியது. சிறுவயதிலேயே மஞ்சள் காய்ச்சல் வந்து தேறிய உள்ளூர்க்காரர்களை அந்த நோய் மறுபடி தொடுவதில்லை. புதிதாக வந்த ஆங்கிலேயப் படையில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். வெர்னன் திரும்பிப் போனார். லெசோவும் அதே ஆண்டு இறந்தார்.

[காட்சி: சான் ஃபெலிப்பே கோட்டை, மேலிருந்து]

சரி, ஆங்கிலேயரைத் தடுத்தது இந்த மாபெரும் கோட்டையா? பாதிதான் உண்மை. அன்று குன்றின் மேல் இருந்தது சிறிய கோட்டை. இப்போது நாம் பார்ப்பதில் பெரும்பகுதி, 1762இலிருந்து பொறியாளர் அந்தோனியோ தெ அரேவலோ விரிவாக்கியது. வளைகுடாவின் இன்னொரு நுழைவாயிலான போகாகிராந்தே நீர்வழியைக் கடலடிச் சுவரால் அடைத்தவரும் அவரே. பெரிய கப்பல்கள் இன்றும் போகாசிகா வழியாகச் சுற்றித்தான் உள்ளே வருகின்றன.