மேல் ஷட்ஜத்துக்கு ஏறும்போது

கொடைக்கானல் பண்பலை நேயர்களுக்கு வணக்கம்.

மார்கழி பிறந்துவிட்டால் நம் மலையில் பாடாத தெரு இல்லை. விடியற்காலையில் பஜனை, ராத்திரியில் கிறிஸ்துமஸ் கேரல், நடுவில் ஐயப்ப பூஜை, அது முடிந்தால் தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை. குளிர் கடுமையான, காற்று வறண்ட இந்த இரண்டு மாதத்தில்தான் நாம் அதிகம் பாடுகிறோம். அதுவும் மேலே மேலே போய்ப் பாடுகிறோம். தை முடிவதற்குள் பலருக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. "பனி ஒத்துக்கலை" என்கிறோம். பனியின் மேல் பழி போடுவதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் பெரிய தப்பு, மேல் ஸ்வரத்தை நாம் பிடிக்கிற விதத்தில் இருக்கிறது.

சின்ன வயசில் பலூன் ஊதி, அதன் வாயை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக் காற்றை விட்டிருப்பீர்கள். கீச்சென்று கத்தும். இன்னும் இழுத்தால் சத்தம் இன்னும் மேலே போகும். நம் தொண்டையில் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. அதிர்கிற பகுதி ஆண்களுக்குச் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர், பெண்களுக்கு ஒரு சென்டிமீட்டர். சுண்டுவிரல் நகத்தளவுதான். பாட்டின் ஆதார சுருதி எவ்வளவு உயரம் என்பதைக் கட்டை என்கிறோம், ஆதார ஸ்வரமான "ஸ"வை ஷட்ஜம் என்கிறோம். ஒரு கட்டையில் பாடும் ஆணின் மத்திய ஷட்ஜத்துக்குக் குரல் நாண்கள் விநாடிக்கு 131 தடவை ஒட்டிப் பிரிகின்றன. மேல் ஷட்ஜத்துக்கு 262 தடவை. ஐந்து கட்டையில் பாடும் பெண்ணின் மேல் ஷட்ஜத்துக்கு 392 தடவை.

கவனியுங்கள். பலூனின் வாயை இழுத்ததால்தான் சத்தம் மேலே போனது, அதிகமாக ஊதியதால் அல்ல. குரல் நாண் நீண்டு மெலிந்தால் ஸ்வரம் ஏறும். நாமோ என்ன செய்கிறோம்? மேலே போகப்போக மூச்சை முட்டித் தள்ளுகிறோம். தள்ளினால் நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதும். மோதினால் வீங்கும். வீங்கிய நாண் கனக்கும், வேகமாக அதிராது. நேற்று எட்டிய ஸ்வரம் இன்று எட்டாது. எட்டவில்லையே என்று இன்னும் தள்ளுவோம். அதை மாதக்கணக்கில் செய்தால் நாணில் காய்ப்பே விழுந்துவிடும், மண்வெட்டி பிடிக்கிற உள்ளங்கையில் விழுவதுபோல.

வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் ஏறி வருகிறோம். கொண்டை ஊசி வளைவு வந்ததும் டிரைவர் ஆக்ஸிலேட்டரை மட்டும் மிதித்தால் வண்டி திணறி நின்றுவிடும். வளைவுக்கு முன்பே கியரை மாற்றுகிறார். குரலுக்கும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. ஒரு கட்டை ஆணுக்கு அது மேல் ஸ்தாயியின் க, ம, அதாவது காந்தாரம், மத்யமம் பக்கத்தில் வரும். ஐந்து கட்டைப் பெண்ணுக்கு மத்திய ஸ்தாயியின் த, நி, அதாவது தைவதம், நிஷாதத்திலேயே வந்துவிடும். நெஞ்சில் கனமாக அதிர்ந்த குரலை அங்கே இலேசாக்கியாக வேண்டும். அந்த ஸ்வரத்துக்கு ஒரு ஸ்வரம் முன்பே சத்தத்தைக் குறையுங்கள். முன்பே. வந்தபிறகு குறைத்தால் குரல் உடையும்.

இதைப் பழக ஒரு விளையாட்டு உண்டு. உதட்டைத் தளரவிட்டு "பூர்ர்ர்" என்று குழந்தைகள் பஸ் ஓட்டுமே, அதேதான். அந்தப் பூர்ருக்குள் மத்திய ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பி வாருங்கள். உதடு நின்று நின்று போகிறதா? இரண்டு விரலால் கன்னங்களை இலேசாகத் தாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷம் போதும். அடுத்தது ஸ்ட்ரா. டம்ளரில் பாதி தண்ணீர், அதில் ஸ்ட்ராவை இரண்டு விரற்கடை முக்கி, "ஊ" என்று, ஸ்வரங்களை வரிசையாகப் பழகும் ஆரம்பப் பாடமான சரளி வரிசை முழுவதையும் ஸ்ட்ரா வழியாகவே பாடுங்கள். குமிழி ஒரே சீராக வரவேண்டும். மேலே போகும்போது குமிழி கொதித்துத் தெறித்தால் மூச்சைத் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். வாயின் முன்பக்கம் இப்படி ஒடுங்கியிருக்கும்போது காற்றின் எதிரழுத்தம் நாண்களைப் பலமாக மோதவிடாமல் தாங்குகிறது. அமெரிக்கக் குரலியல் அறிஞர் இங்கோ டிட்ஸே இந்த ஸ்ட்ரா பயிற்சியை உலகமெங்கும் பரப்பியவர்.

பிறகு வார்த்தைக்கு வாருங்கள். "முருகா" என்று மேலே எடுப்பது சுலபம், "மு"வில் உதடு மூடித் திறக்கிறது. "ஈசா" கஷ்டம், "ஈ"யில் தாடை இறுகுகிறது. மேலே போகும்போது அந்த "ஈ"யை "ஏ" பக்கம் கொஞ்சம் சாய்த்துவிடுங்கள், கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. தாடையை நிமிர்த்தாதீர்கள். உயரத்தில் இருக்கிற ஸ்வரத்தை எட்டிப் பறிக்கிற மாதிரி கழுத்தை நீட்டுகிறோமே, அப்போது குரல்வளை இழுபட்டு மேலேறி இறுகுகிறது. இப்போதே கட்டைவிரலைத் தாடைக்கு அடியில், எலும்புக்கு உள்பக்கம் வைத்துப் பாடிப் பாருங்கள். அந்த இடம் பஞ்சாக இருக்கவேண்டும். கல்லாக இருந்தால் நாக்கின் அடிப்பக்கம் அழுத்துகிறது. அங்கேயே நிறுத்தி, அரைக்கட்டை இறக்கி மறுபடி ஆரம்பியுங்கள்.

கட்டை என்றதும் இதைச் சொல்லாமல் நகரமுடியாது. ஒலிபெருக்கி பரவாத நாடக மேடைக் காலம் ஒன்று இருந்தது. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் உச்சஸ்தாயியில் நின்று பாடியதற்கு ஒரு தேவை இருந்தது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கவேண்டும். உச்சக் குரல் தூரம் போகும். அவர்கள் குரல் தெய்வம் கொடுத்தது, சாதகம் வளர்த்தது. இன்று பஜனைக் கூடத்தில் நாற்பது பேர், முன்னால் மைக், பக்கத்தில் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர். இங்கே எதற்கு அந்தக் கட்டை? ஆர்மோனியக்காரர் தனக்குக் கை பழகின கட்டையைப் பிடிக்கிறார், நாற்பது பேரும் அவர் பின்னால் கத்துகிறார்கள். கர்நாடக சங்கீத வித்வான் எம். டி. ராமநாதன் எவ்வளவு தாழ்ந்த சுருதியில் பாடினார்! அதில் எந்தக் குறையும் இல்லையே. ஆர்மோனியம் வாசிப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், பாட்டின் மிக உயர்ந்த வரியை முதலில் கூட்டத்தோடு பாடிப் பார்த்துக் கட்டையை வையுங்கள். முதல் வரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். கேரல் குழுக்களுக்கும் இதுதான். கிட்டாரில் தந்திகளை அழுத்திச் சுருதி ஏற்றுகிற காப்போ என்ற கிளிப்பை ஒரு கட்டம் இறக்குவதில் பாட்டின் அழகு எதுவும் குறைந்துவிடாது.

உங்கள் கட்டை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? உச்ச ஸ்வரத்தைத் தூங்குகிற குழந்தை விழிக்காத அளவு மெதுவாகப் பாட முடியவேண்டும். சத்தமாகத்தான் வரும், மெதுவாக வராது என்றால் அந்த ஸ்வரம் இன்னும் உங்களுடையது ஆகவில்லை. தினமும் காலையில் இதையே சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகப் பாடும்போது முதலில் வெறும் காற்று வந்து, பிறகுதான் ஓசை பிடிக்கிறதா? நாண் வீங்கியிருக்கிறது. அன்றைக்கு மேல் ஸ்தாயி வேண்டாம். நல்ல நாளிலும் மேல் ஸ்தாயிச் சாதகம் இருபது நிமிஷம் போதும்.

தொண்டைக்கு என்ன சாப்பிடலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம் எல்லாம் தொண்டைக்கு இதம்தான். ஆனால் நாம் விழுங்குகிற எதுவும் குரல் நாணைத் தொடுவதில்லை. தொட்டால் புரையேறிவிடும்! நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்த தண்ணீர்தான் உடம்பு வழியாகச் சுற்றிப்போய் அதை ஈரமாக்கும். பாடுவதற்கு ஐந்து நிமிஷம் முன்பு குடிக்கிற ஒரு சொம்பு உதவாது. நேராகப் போய்ச் சேருவது ஆவி ஒன்றுதான். நம் ஊர்க் கடைகளில் யூக்கலிப்டஸ் தைலம் கிடைக்கிறதே என்று அதில் ஊற்றாதீர்கள். அதன் குளிர்ச்சியில் வலி மறந்துபோய், புண்ணான தொண்டையோடு பாடிவிடுவோம். அடுப்பிலிருந்து இறக்கி மேஜையில் வைத்த வெறும் வெந்நீரின் ஆவி, ஐந்து நிமிஷம். கேரல் போகும்போது மப்ளரை மூக்குக்கு மேல் சுற்றி மூக்கால் மூச்சு விடுங்கள், மூக்குதான் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி அனுப்புகிறது. தெருமுனையில் மூட்டிய நெருப்பின் புகைப் பக்கம் நிற்காதீர்கள்.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். பிள்ளைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், இரண்டே வார்த்தை. மகரக்கட்டு உடைகிற, அதாவது வளரும் வயதில் குரல் மாறுகிற பையன்களைப் பாடவே கூடாது என்று நிறுத்தாதீர்கள். நடு ஸ்தாயியில் மெல்லப் பாடட்டும், மேலே இழுக்கவேண்டாம். பெரியவர்களுக்கு, குரல் கம்மி மூன்று வாரம் ஆகியும் சரியாகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல் நாணைக் காட்டுங்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் திடீரென்று அற்றுப்போனால் அந்த நிமிஷமே வாயை மூடிக்கொண்டு, அடுத்த நாளே போகவேண்டும். அதுவரை ரகசியக் குரலிலும் பேசாதீர்கள், எழுதிக் காட்டுங்கள்.

வணக்கம்.