நெறைஞ்சா எவன் அள்ளுறது?

வணக்கம். சுகாதார ஆய்வாளராக முதலில் சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் ஊர் ஊராகச் சுற்றி ஓய்வு பெற்றவன் நான். மற்றவர்கள் வாய்விட்டுப் பேசக் கூசுவதைப் பேசுவதுதான் என் வேலையில் பாதி. இன்றைக்கும் அதுதான். சாப்பிட்டுக்கொண்டே வானொலி கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2014 அக்டோபர் 2-ஆம் தேதி தூய்மை இந்தியா திட்டம் தொடங்கியது. வீட்டுக்கு 12,000 ரூபாய் மானியம். சிவகங்கைப் பக்கத்து ஊர் ஒன்றில் தெருத்தெருவாகக் கழிப்பறை எழும்பிவிட்டது. ஒரு மத்தியானம் பார்வையிடப் போனேன். முதல் வீட்டுக் கழிப்பறையில் விறகு, அடுத்த வீட்டில் உர மூட்டை. மூன்றாவது வீட்டில் பீங்கான்மேல் வைக்கோல் பரப்பி ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் சிறகை விரித்துக்கொண்டு என்னை விரட்டியது.

அந்த வீட்டு அப்பத்தாவிடம், "என்ன அப்பத்தா, கோழிக்கா கட்டிக் கொடுத்தாங்க?" என்றேன். கிழவி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "நெறைஞ்சு போச்சுன்னா எவன்ப்பா அள்ளுறது?"

நான் பேசத் தயாராகப் போயிருந்தது கொக்கிப்புழுவைப் பற்றி. ஊர் ஒதுங்கப் போகிற கருவேலங்காட்டு ஒற்றையடிப்பாதை ஈரமும் நிழலுமாகத்தானே கிடக்கும்? மலத்தோடு விழுந்த முட்டை அங்கே ஓரிரு நாளில் பொரித்துவிடும். அந்தப் புழு வளர்ந்து, செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்து ரத்தத்தில் இறங்கும். நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் போய் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். மாசமாக இருக்கிற பெண் வெளுத்துப்போய் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். வருஷத்துக்கு இரண்டு தடவை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பூச்சி மாத்திரை கொடுக்கிறோம். மாத்திரை உள்ளே இருக்கிற புழுவைத்தான் வெளியேற்றும். மறுநாள் அதே பாதையில் வெறுங்காலோடு போனால்? இருட்டட்டும் என்று காத்திருக்கிற பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்பை வாங்கிக்கொள்வது தனிக்கதை.

இவ்வளவும் சொன்னேன். அப்பத்தா தலையாட்டினார். கோழி அங்கேயேதான் இருந்தது.

அவர் கேட்டதை மொபெட்டில் திரும்பும்போதுதான் யோசித்தேன். 'எவன்' என்றாரே, அந்தச் சொல்லுக்குள் ஒரு சாதி இருக்கிறது. கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுத்து 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் அதைவிடக் கடுமையாக இன்னொன்று. இனிமேல் அள்ள யாரும் வரமாட்டார்கள், வரவும் கூடாது. தன் வீட்டுக் குழியைத் தானே தொடுவதோ கனவிலும் நடக்காது என்று ஊர் நினைக்கிறது. அதனால் கட்டினால் நிறையவே நிறையாத குழி வேண்டும். கொத்தனாரும், "பதினைஞ்சு அடிக்கு உறை இறக்கிருவோம், ஆயுசுக்கும் நெறையாது" என்கிறார். எப்படி நிறையும்? மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்து குழியைத் தொட்டு, கிணற்றுக்கும் அடிகுழாய்க்கும் பங்கு கொடுத்துவிடுமே! அந்த வசதியும் இல்லாதவர்கள், இருக்கிற சின்னக் குழியைக் காப்பாற்றக் காட்டுக்கே போகிறார்கள்.

அரசு சொன்னது அந்த ஆழக்குழியை அல்ல. இரண்டு சின்னக் குழிகள், ஒவ்வொன்றும் மூன்று, நாலு அடி ஆழம்தான். சுவரில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்க வேண்டும், அடியில் சிமென்ட் பூசக் கூடாது. தண்ணீர் மண்ணில் ஊறிவிடும். ஐந்தாறு பேர் உள்ள வீட்டில் ஒரு குழி நிறையச் சுமார் 5 வருஷம் ஆகும். நிறைந்ததும், இரண்டு குழிக்கும் வழி பிரிக்கிற நடுத்தொட்டியில் ஒரு பக்கத்தை அடைத்து அடுத்த குழிக்குத் திருப்பிவிட வேண்டும். முதல் குழியை ஒன்றரை வருஷம் தொடாமல் விட்டால் உள்ளே இருப்பது மக்கி மண்ணாகிவிடும். பினாயிலை மட்டும் ஊற்றாதீர்கள், மக்க வைக்கிற கிருமியையே அது கொன்றுவிடும். கிணற்றிலிருந்து 10 மீட்டராவது தள்ளியிருப்பது நல்லது.

2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் வாரங்கல் மாவட்டத்தில் கங்காதேவிபள்ளி என்ற ஊரில், மத்திய அரசின் குடிநீர், சுகாதாரத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயர் தானே குழிக்குள் இறங்கி அந்த மண்ணை அள்ளினார். டெல்லி அதிகாரி ஒருவர் இறங்கியது செய்தியானது. எங்கள் ஊரில் யார் இறங்குவது?

நான்தான். அப்பத்தா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, ஒரு வாத்தியார் வீட்டில் மட்டும் முதல் குழி நிறைந்து, மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊரே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது, முந்தானையும் துண்டும் தயாராக மூக்குக்கு வந்துவிட்டன. நெஞ்சு படபடத்தது எனக்குத்தான். கட்டுரையில் படித்திருந்தேனே தவிர நானும் அதுவரை திறந்து பார்த்ததில்லை. மூடியை நகர்த்தினேன். உள்ளே டீத்தூள் மாதிரி, கறுப்பாக, உதிரியாக மண். மழை பெய்த மறுநாள் தோட்டத்தில் வருமே, அந்த வாசம். மண்வெட்டியால் வெட்டி அன்னக்கூடையில் போட்டேன். கூட்டத்தில் முதலில் ஒரு பையன் மூக்கை விட்டுக் கையை எடுத்தான்.

அப்பத்தா முன்னால் வந்தார். குனிந்து பார்த்தார், கையால் தொடவில்லை. வாத்தியார் சம்சாரம் கூடையைக் கருவேப்பிலைச் செடிப்பக்கம் கொண்டுபோகவும், அப்பத்தா பதறிவிட்டார்.

"ஏ ஆத்தா, அதுக்குப் போடாத! தென்னைக்குப் போடு. காய் ஒசரத்துல கிடக்கு."

தென்னைக்கே போட்டோம். அடுத்த வாரம் நான் போனபோது அவர் வீட்டுக் கோழி திண்ணையில், ஒரு பழைய கூடைக்குள் இடம் மாறியிருந்தது.