கற்ற நேரத்துக்கு ஏலம் இல்லை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, இரு அணியிலும் வீற்றிருக்கும் பேச்சாளர்களே, அவையோரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். "ஒரு குடும்பத்துக்குப் பெரிதும் பயன் தரும் முதலீடு எது? சேர்த்து வைக்கும் பொன்னும் பணமுமா, கற்றுக்கொள்ளக் கொடுக்கும் நேரமா?" என்பது இன்றைய தலைப்பு. கற்றுக்கொள்ளக் கொடுக்கும் நேரமே என்று வாதாட வந்திருக்கிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையின் நகைக்கடன் பிரிவில் 18 ஆண்டுகளாக வேலை பார்க்கிறவள் நான். ஆகவே, பொன்னின் அருமை தெரியாதவள் பேசுகிறாள் என்று எதிரணியினர் என்னை ஒதுக்கிவிட முடியாது. நாள்தோறும் என் கை வழியாகத்தான் அது பெட்டகத்துக்குள் போகிறது.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவி இரண்டு வாதங்களை வைத்தார். மகனின் அறுவைச் சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்தில் பணம் புரட்டித் தந்தவை தம் வளையல்களே என்றார். சிறுகச் சிறுகக் கட்டினாலும் கூட்டு வட்டி அதைப் பெருக்கித் தரும் என்றார். இரண்டும் உண்மை, அந்தத் தாயின் வளையலைப் பற்றி ஒரு குறையும் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவர் பேசியது சேமிப்பைப் பற்றி. நடுவர் நமக்குத் தந்த சொல் முதலீடு. 'இடு' என்னும் வினை, முதலெழுத்து நீண்டு 'ஈடு' என்று பெயராகிறது, 'கெடு' என்பது 'கேடு' ஆவதைப் போல. முதலை ஓரிடத்தில் இடுவது முதலீடு, விதையை மண்ணில் இடுவதைப் போல. குதிருக்குள் கொட்டி வைத்த நெல் பஞ்சத்தில் வீட்டைக் காக்கும். ஆனால் குதிருக்குள் கிடக்கும்வரை அதில் ஒரு மணிகூடக் கூடுவதில்லை. அதே 'ஈடு' என்ற சொல்லுக்கு அடமானம் என்றும் பொருள் உண்டு. நம் வீடுகளில் பொன்னுக்குப் பெரும்பாலும் வாய்ப்பது அந்த இரண்டாம் பொருள்தான் என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

அந்தக் காட்சியை அவையோர் ஒருமுறை என் இருக்கையிலிருந்து பார்க்க வேண்டும். ஒரு பெண் கழுத்துச் சங்கிலியையும் காதுத் தோட்டையும் கழற்றி மேசைமேல் வைக்கிறார். நகை மதிப்பீட்டாளர் அதை உரைகல்லில் தேய்த்து, அமிலம் விட்டுப் பார்க்கிறார். தோட்டில் கல் இருந்தால் கல்லின் எடையைக் கழிக்கிறார். உள்ளே அரக்கு இருந்தால் அதையும் கழிக்கிறார். வாங்கிய நாளில் செய்கூலி, சேதாரம், 3 விழுக்காடு ஜிஎஸ்டி என்று கொடுத்த பணம் எங்கள் தராசில் ஏறுவதே இல்லை. மிஞ்சும் மதிப்பிலும் 75 விழுக்காட்டுக்கு மேல் கடன் தரக்கூடாது என்பதே நெடுங்காலம் எங்களுக்கு இருந்த விதி. வைகாசியில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்காக வந்த சங்கிலி தை அறுவடையில் மீண்டு போகும். அடுத்த வைகாசியில் அதே சங்கிலி அதே கொக்கி வளைவோடு என் மேசைக்குத் திரும்ப வரும். இந்த 18 ஆண்டுகளில் ஒரே சங்கிலியைப் பத்து முறைக்கு மேல் கையில் வாங்கியிருக்கிறேன். பொன் விலை பல மடங்கு ஏறிவிட்டது என்று எதிரணியினர் பெருமையோடு சொன்னார்கள். விற்க மனமில்லாமல் அடகு மட்டுமே வைக்கிற அந்தக் குடும்பத்துக்கு விலையேற்றம் தந்தது, ஒவ்வொரு முறையும் முன்னைவிடச் சற்றுப் பெரிய கடன்.

கூட்டு வட்டிக்கு வருகிறேன். பொது வருங்கால வைப்பு நிதிக்கு 2020 ஏப்ரல் முதல் வட்டி 7.1 விழுக்காடு, காலம் 15 ஆண்டு. நல்ல திட்டம், கணக்குத் தொடங்குங்கள் என்று வாடிக்கையாளர்களை வற்புறுத்துகிறவள் நான். ஆனால் மாதம் 500 ரூபாய் மட்டுமே ஒதுக்க முடிகிற ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். 15 ஆண்டில் அவர்கள் கட்டியிருப்பது 90,000 ரூபாய். அந்த வட்டியே கடைசிவரை நீடித்தால், கைக்கு வருவது ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். அதற்குள் விலைவாசி எங்கே போயிருக்கும் என்பது அடுப்படியில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். வட்டி விகிதத்தை எவ்வளவு நுணுக்கமாகத் தேடி அலைந்தாலும் அந்த 500 ரூபாய் என்கிற தொகை மாறவில்லையே, நடுவர் அவர்களே! மாதம் 500 கட்டுகிற கை 1,500 கட்டுகிற கையாக எப்படி ஆகும் என்ற கேள்விக்கு எதிரணியில் இதுவரை ஒருவரும் விடை சொல்லவில்லை. அதற்கான விடையை நான் என் வீட்டில் பார்த்தேன்.

என் தந்தை வேலை பார்த்த நூற்பாலை 1996இல் மூடப்பட்டது. அப்போது என் தாய்க்கு வயது 36. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். வீட்டில் இருந்த நான்கு சவரன் சங்கிலி, நூற்றுக்கு மூன்று வட்டிக்கு அடகுக்கடைக்குப் போனது. முதல் ஆண்டு வட்டி கட்டினோம்; இரண்டாம் ஆண்டு அதுவும் முடியாமல், நகை மூழ்கிப்போனது. அந்த நாட்களில் என் தாய் செய்த ஒரு காரியத்தை அப்போது யாரும் முதலீடு என்று சொல்லவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாள் திண்ணையில் நடத்திய தையல் வகுப்புக்கு, மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை, ஆறு மாதம் போனார். துணி வாங்க வழியில்லாததால் பழைய செய்தித்தாளில்தான் வெட்டிப் பழகினார். இரவில் நாங்கள் படிக்கிற விளக்கடியில், செய்தித்தாளின்மேல் அளவு நாடாவை வைத்து, கைக்குழிக்கு வளைவு வரைந்து, வெட்டி, பிரித்துப் பார்த்து, மறுபடி வரைவார். முதன்முதலாகக் கூலிக்குத் தைத்த ரவிக்கையில் கையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மாற்றி மாட்டிவிட்டார். போட்டுப் பார்த்த பெண்ணால் கையைத் தூக்க முடியவில்லை. அதே நிறத்தில் துணி தேடிக் கடைவீதி முழுவதும் அலைந்து, சொந்தக் காசில் வாங்கி, வேறொன்று தைத்துக் கொடுத்தார். அதன் பிறகு இத்தனை ஆண்டுகளில் அந்தப் பிழை அவர் கையில் ஒருமுறைகூட நேர்ந்ததில்லை. நாளுக்கு இரண்டு மணி வீதம் ஆறு மாதத்தில் ஏறத்தாழ 360 மணி நேரம். அவர் போட்ட முதல் அவ்வளவுதான். தெருப் பெண்களின் ரவிக்கை, பிறகு பள்ளிச் சீருடை, பிறகு பக்கத்து ஊர்க் கல்யாணத் துணிகள் என்று அந்தக் கை விரிந்தது. என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது அந்தக் கைதான்.

இங்கே இன்னொன்றையும் நான் சொல்லியாக வேண்டும். ஏனெனில் என் அணியினர்கூட இதைத் தொடாமல் போய்விட்டார்கள். அந்த 360 மணி நேரம் என் தாயிடம் கையிருப்பாக இருந்ததில்லை. தண்ணீர் பிடிக்க, சமைக்க, எங்களைக் கவனிக்க என்று அவருடைய ஒவ்வொரு மணிக்கும் யாரோ ஒருவர் உரிமை கொண்டாடினோம். அதை விடுவித்துக் கொடுத்தது என் அப்பாயி. மதியச் சமையலையும் பாத்திரங்களையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, "நீ கிளம்பு தாயி, நான் பாத்துக்கறேன்" என்றார். என் தந்தை தெருக்குழாயில் குடத்தோடு வரிசையில் நின்றார். ஆண்பிள்ளை குடம் தூக்குகிறாரே என்று தெரு பேசியது, அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பணத்தைத் தனி ஆளாகவும் போட்டுவிடலாம், நடுவர் அவர்களே. நேரத்தை ஒரு வீடே கூடித்தான் போட முடிகிறது. மகளுக்கு 50 சவரன் சேர்க்க இருபது ஆண்டு பாடுபடுகிற வீடுகளைப் பார்த்து நான் மனம் வருந்திக் கேட்பது இதைத்தான்: அதே மகளுக்கு, மருமகளுக்கு, உங்கள் மனைவிக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்தை யாரும் கூப்பிடாமல் விட்டுக் கொடுத்திருக்கிறீர்களா?

அன்றாடங்காய்ச்சிக்கு ஏது நேரம், இதெல்லாம் வசதி உள்ளவர்களின் பேச்சு என்று எதிரணியிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலுக்கு விடை இந்தப் புதுக்கோட்டை மண்ணிலேயே இருக்கிறது. 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பதையும் அந்த இயக்கம் சேர்த்துக்கொண்டது. கற்றுக்கொள்ள வந்தவர்கள் யார்? விவசாயக் கூலிகள், கல் குவாரிகளில் வேலை செய்தவர்கள், செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டியவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், பள்ளி ஆசிரியைகள். பகலெல்லாம் உழைத்தவர்கள்தாம் வந்தார்கள். கேலிப் பேச்சுக்குக் குறைவில்லை. பல்லாயிரம் பெண்கள் அதைத் தாண்டி வண்டியில் ஏறினார்கள். பெண்களுக்கான மிதிவண்டிகள் கிடைக்காதபோது, நடுவில் கம்பி உள்ள ஆண்கள் வண்டியையே வாங்கி ஓட்டினார்கள். பெண்களுக்கு மிதிவண்டி வாங்க வங்கிகள் கடன் கொடுத்தன. ஒரு வங்கி ஊழியராக எனக்கு இதில் தனிப் பெருமை உண்டு. ஏனென்றால் கழுத்தில் கிடந்ததை வாங்கி வைத்துக்கொண்டு கொடுத்த கடன் அது இல்லை, காலுக்குக் கிடைத்த பழக்கத்தை நம்பிக் கொடுத்த கடன்.

அதன் விளைச்சலைப் பாருங்கள். தோட்டத்தில் விளைந்ததைக் கூடையில் சுமந்து விற்கப் போன பெண், அதுவரை பேருந்து நிறுத்தத்திலேயே பாதி நாளைத் தொலைத்தாள். பேருந்து போகாத ஊர்களுக்கு நடக்க வேண்டும். அந்தப் பேருந்துக்கும் யாராவது ஆண் துணையாகக் கொண்டுபோய் விட வேண்டும். பிள்ளைகளை எண்ணி, விற்றும் விற்காமலும் வீடு திரும்ப வேண்டும். மிதிவண்டி வந்த பிறகு கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று ஊர் கூடுதலாகப் போய் விற்றுவிட்டு, நினைத்த நேரத்தில் திரும்பினாள். சில மாலைகளைக் கொடுத்துக் கற்ற பழக்கம், ஆண்டு முழுவதும் நாள்தோறும் அவளுக்கு நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. போட்ட நேரம் நேரமாகவே பெருகித் திரும்புகிற இந்தக் கணக்குக்குத்தான், எதிரணியினரே, கூட்டு வட்டி என்ற பெயர் பொருந்தும்.

படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்போர் ஆயிரக்கணக்கில் இல்லையா என்ற வாதமும் வந்தது. இதற்குச் சுருக்கமாகவே விடை சொல்கிறேன். கட்டணம் கட்டிச் சான்றிதழ் வாங்குவது பணம் போடுவது. அதை என் அணியின் கணக்கில் எழுத வேண்டாம். நாங்கள் பேசுவது மணிக்கணக்கில் உட்கார்ந்து கைக்குப் பழக்குவதைப் பற்றி. நம் ஊர்த் தட்டச்சுப் பயிலகங்களைப் பாருங்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் என்று மாதக் கணக்கில் விரலைப் பழக்கினால்தான் இளநிலைத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொல்லும் முதுநிலைக்கு 45 சொல்லும் வரும். பணக்காரர் பிள்ளை என்பதற்காக விசைப்பலகை ஒரு சொல் கூடுதலாகத் தராது. அந்த விரல்களை வைத்துத் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்குப் போனவர்கள் இந்த அவையிலேயே இருக்கக்கூடும்.

நடுவர் அவர்கள் மணியைக் கையில் எடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி அமர்கிறேன். சென்ற மாதம் அறுபதைக் கடந்த ஒரு அம்மாள் நகைக்கடனுக்கு வந்தார். படிவத்தை நீட்டி, கையெழுத்திட வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி போட்டுக் காட்டினேன். அவர் பேனாவை வாங்கவில்லை. மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலை ஒவ்வொரு வரியின் கீழும் வைத்து, உதடு அசையப் படித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், அவர் நிமிரவில்லை. "இந்த ஏலம்னு போட்டிருக்கே, அதுக்கு முன்னாடி எனக்குக் கடுதாசி வரும்ல?" என்று கேட்டார். வரும் என்றேன். அடுத்த வரிக்குப் போன விரல் நின்றது. "நீங்க பன்னெண்டு மாசம்னு சொன்னீங்க, இதுல தவணை பதினோரு மாசத்துல முடியுதே தாயி" என்றார். பார்த்தேன், நான்தான் மாதத்தைத் தவறாக எழுதியிருந்தேன். அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் இட்டேன். எங்கே படித்தீர்கள் என்று கேட்டதற்கு, "அறிவொளியில, ராத்திரி வகுப்புல. சைக்கிளும் அப்பப் பழகினதுதான்" என்றார். பிறகு தம் பெயரை முழுதாக, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு எழுதிக் கையெழுத்திட்டார். திருத்திய தேதியைத் தம் பையிலிருந்த சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அதை நான் எழுதியதோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார்.

நன்றி, வணக்கம்.