குழந்தை உயரத்தில், வலி தூரத்தில்: பேபி கேரியரைத் தேர்ந்தெடுப்பதும் கட்டுவதும்

வணக்கம் நேயர்களே.

மென்மையான பேபி கேரியரை ஆசையாக வாங்கிச் சில வாரங்களிலேயே அலமாரிக்குள் வைத்துவிடுபவர்கள் நிறையப் பேர். கேட்டால், இடுப்பு கடுக்கிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது, குழந்தையும் உள்ளே இருக்க மாட்டேன் என்கிறது என்பார்கள். அவர்கள் கட்டியிருக்கும் விதத்தைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். குழந்தை தாழ்வாகவும் தளர்வாகவும் தொங்கிக்கொண்டிருக்கும். அப்படித் தொங்கினால் சுமப்பவருக்கு முதுகு நோகும். குழந்தைக்குத் தலை கவிழும், மூச்சுக்கு இடைஞ்சல் வரும். ஆகவே வலி வந்தால் தயவுசெய்து பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள். குழந்தை சரியாக உட்காரவில்லை என்று உங்கள் உடம்பே சொல்கிறது.

வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராப் என்பது ஏறக்குறைய 5 மீட்டர் நீளமுள்ள துணி. உடம்பில் சுற்றிக் கட்டுவது. இழுபடும் துணியில் செய்த ராப் பிறந்த குழந்தைக்கு மிக இதமாக இருக்கும். எடை 8, 9 கிலோவை நெருங்கும்போது துணி இழுபட்டுக் குழந்தை கீழே இறங்கத் தொடங்கும். ரிங் ஸ்லிங்கில் துணியை இரண்டு வளையங்களில் கோத்து ஒரு தோளில் மாட்டிக்கொள்வோம். சட்டென்று தூக்கி இறக்க நல்லது. ஒரே தோள் சுமப்பதால் நெடுநேரத்துக்கு ஆகாது. மூன்றாவது வகைக்குப் பஞ்சு வைத்த இடுப்பு பெல்ட், இரண்டு தோள் வார்கள், பக்கிள்கள் உண்டு. 1960களில் டோகோ நாட்டில் பணியாற்றிய அமெரிக்கச் செவிலியர் ஆன் மூர், அங்குள்ள தாய்மார்கள் துணியால் முதுகில் கட்டிச் சுமப்பதைக் கண்டவர். அவர் 1969இல் காப்புரிமை பெற்ற ஸ்னக்லி, இந்த மூன்றாம் வகையின் முன்னோடிகளில் ஒன்று. இனி நான் கேரியர் என்று சொல்வதெல்லாம் இந்த வகையைத்தான்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, குழந்தை உட்காரும் அடித்துணியின் அகலம். ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை, இரண்டு தொடைகளையும் அது முழுமையாகத் தாங்க வேண்டும். முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, கால்கள் இயல்பாக விரிந்திருக்க வேண்டும். தவளை உட்காருமே, அந்த நிலை. இடுப்பு மூட்டு சரியாக அமையாத குறைபாட்டுக்கென இயங்கும் இன்டர்நேஷனல் ஹிப் டிஸ்பிளேசியா இன்ஸ்டிடியூட் பரிந்துரைப்பதும் இதையே. முதல் 6 மாதங்களில் இடுப்பு மூட்டின் கிண்ணம் பெருமளவு குருத்தெலும்பாகவே இருக்கும். அடித்துணி குறுகலாக இருந்து கால்கள் நேராகத் தொங்கினால், தொடை எலும்பின் தலையைக் கிண்ணத்திலிருந்து விலக்கும் திசையில் இழுவை விழும். மூட்டு ஏற்கெனவே உறுதியற்று இருக்கும் குழந்தைக்கு அது கேடு. அகலம் மிகுந்தாலும் தொல்லைதான்: முழங்கால் மடங்க இடமில்லாமல் கால்கள் பக்கவாட்டில் விறைத்து நிற்கும். குழந்தை வளர வளர அகலத்தைக் கூட்டிக்கொள்ளும்படி, அடித்துணியில் ஒட்டும் பட்டையோ சுருக்குக் கயிறோ வைத்த கேரியர்தான் என் பரிந்துரை.

அடுத்தது எடை. பல கேரியர்கள் சுமார் மூன்றரைக் கிலோவில் தொடங்கி 15 அல்லது 20 கிலோ வரை தாங்கும். சிலவற்றில் பிறந்த குழந்தைக்குத் தனியாக ஒரு மெத்தை வைக்க வேண்டும். அந்த எண்கள் லேபிளில் இருக்கும். குறைந்தபட்ச எடைக்குக் கீழே உள்ள குழந்தையைச் சுருட்டிய துண்டால் அண்டைகொடுத்து உட்கார வைக்காதீர்கள். துண்டு நகர்ந்தால் குழந்தையின் உடல் வளைந்து முகம் புதைந்துவிடும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை, மூச்சுத் தொல்லை உள்ள குழந்தை என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் கேரியர்.

பெல்ட்டை இறுக்கியும் தளர்த்தியும் பாருங்கள். வீட்டில் சுமக்கப்போகும் எல்லோருடைய இடுப்புக்கும் அது பொருந்த வேண்டும். பக்கிள் பூட்டும்போது 'கிளிக்' என்று தெளிவாகக் கேட்க வேண்டும். பக்கிளுக்குப் பின்னால் எலாஸ்டிக் வளையம் ஒன்று இருந்தால் நல்லது. வாரை அதன் வழியாக நுழைத்துப் பூட்டினால், பக்கிள் தவறித் திறந்தாலும் பெல்ட் உடனே நழுவாது. ஏஎஸ்டிஎம் எஃப் 2236 என்பது அமெரிக்கத் தரம். இஎன் 13209-2 என்பது ஐரோப்பியத் தரம். இரண்டில் ஒன்று லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் அணிந்து பார்ப்பதானால் நாலைந்து கிலோ எடையை உள்ளே வைத்துப் பாருங்கள். வெறும் கேரியர் எல்லோருக்கும் சுகமாகத்தான் இருக்கும்.

பிறர் பயன்படுத்தியதை வாங்குவதில் தவறில்லை. வார்கள் துணியோடு சேரும் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். நூல் பிரிந்திருந்தாலோ, பக்கிளில் மயிரிழை விரிசல் இருந்தாலோ, வார் ஓரத்தில் இழை உதிர்ந்திருந்தாலோ வேண்டாம். அந்த மாடலைத் தயாரிப்பாளர் திரும்பப் பெற்றிருக்கிறாரா என்றும் பார்த்துவிடுங்கள்.

இனி, கட்டும் முறை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வசதியும் பாதுகாப்பும் இங்கேதான் தீர்மானமாகின்றன.

எல்லா வார்களையும் முதலில் தளர்த்திவிடுங்கள். குழந்தையைத் தூக்குவதற்கு முன்பே இடுப்பு பெல்ட்டைக் கட்டி இறுக்கிவிட வேண்டும். குழந்தை ஏறிய பிறகு அதை ஒழுங்காக இறுக்க முடியாது. சின்னக் குழந்தை என்றால் பெல்ட்டை மேலே, தொப்புளை ஒட்டிக் கட்டுங்கள். குழந்தை உயரமாக உயரமாக இடுப்பெலும்பை நோக்கிக் கீழே இறக்கிக்கொள்ளலாம். பெல்ட் தரைக்கு இணையாக இருக்கட்டும். முன்பக்கம் சரிந்திருந்தால் குழந்தையும் சரியும். அறுவைசிகிச்சை மூலம் பிரசவித்த தாய்மார்கள், மருத்துவர் சம்மதித்த பிறகு, தையலுக்கு நன்றாக மேலே பெல்ட் வரும்படி கட்ட வேண்டும்.

இப்போது குழந்தையை மார்போடு அணைத்து, கடைசியில் இருக்க வேண்டிய உயரத்தைவிடச் சற்று மேலேயே வையுங்கள். கட்டி முடிக்கும்போது கொஞ்சம் இறங்கும். துணியைக் குழந்தையின் முதுகின் மேல் ஏற்றி, ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஒரு தோள் வாரை மாட்டுங்கள்; கையை மாற்றி அடுத்ததை மாட்டுங்கள். இரண்டு கையும் ஒரே நேரத்தில் குழந்தையை விட்டு விலகவே கூடாது. முதுகுப்பக்கம் தோள் வார்களை இணைக்கும் சின்னப் பக்கிள் கைக்கு எட்டவில்லை என்று பலர் தவிப்பார்கள். அதைப் பிடரிக்கு அருகே மேலே நகர்த்தி வைத்துப் பூட்டுங்கள். தோள் வார்களை இறுக்கும்போது அது தானாகவே இறங்கித் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் வந்து நிற்கும்.

இறுக்குவதில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். குழந்தையின் எடை வாரில் தொங்கிக்கொண்டிருக்கும்போது வாரை இழுத்தால் வார் அசையாது, அசைந்தாலும் கொஞ்சம்தான். ஒரு கையைக் குழந்தையின் பிட்டத்தின் கீழ் கொடுத்து எடையைத் தூக்கிப் பிடியுங்கள், மறுகையால் வாரை இழுங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு இரு கைகளையும் குழந்தையின் முழங்கால்களுக்குப் பின்னால் கொடுத்து, முழங்கால்களை மெல்ல மேலே உயர்த்தி, பிட்டம் அடித்துணியின் நடுவே ஆழமாக அமரும்படி செய்யுங்கள். கால்களைப் பலவந்தமாக விரிக்க வேண்டாம். பாதம் மூடிய உடை போட்டிருந்தால் பாதத்துணியைக் கொஞ்சம் இழுத்துத் தளர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் விரல்களை அழுத்தும்.

கட்டியது சரிதானா என்று பார்க்கத் தலையைக் குனிந்து குழந்தையின் உச்சியில் முத்தம் கொடுத்துப் பாருங்கள். எட்டவில்லை என்றால் குழந்தை தாழ்வாக இருக்கிறது. முகம் முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மோவாய்க்கும் நெஞ்சுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். குழந்தையின் முதுகில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்துங்கள். உங்களை நோக்கி உடம்பு நகர்ந்தால் வார்கள் தளர்வு. கடைசியாக, தலையைக் கையால் தாங்கிக்கொண்டு சற்று முன்னால் சாயுங்கள். குழந்தையின் மார்பு உங்கள் மார்பைவிட்டு விலகக் கூடாது.

அந்த இரண்டு விரல் இடைவெளியில் ஒருபோதும் சலுகை வேண்டாம். சிசுவின் மூச்சுக்குழாய் மெல்லியது, வளைந்துகொடுப்பது. மோவாய் நெஞ்சில் முட்டும்படி தலை கவிழ்ந்தால் அது மடங்கி அடைபடும், சத்தமே வராது. 2010 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஸ்லிங்குகளைப் பற்றி வெளியிட்ட எச்சரிக்கை இதையே சொன்னது. துணி மூக்கையும் வாயையும் அழுத்தினால் ஓரிரு நிமிடங்களிலேயே மூச்சு முட்டிவிடும் என்றும், 4 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் மிகுந்த கவனம் வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. கேரியருக்கும் இதே விதிதான். உள்ளே வைத்தபடியே பாலூட்டினீர்கள் என்றால், முடிந்ததும் குழந்தையைப் பழைய உயரத்துக்கு ஏற்றி, முகத்தை ஒரு பக்கம் திருப்பிவிட மறக்காதீர்கள். கேரியரின் மேல்விளிம்பில் இருக்கும் தலைமறைப்புத் துணியை முகத்தின் மேல் முழுதாக இழுத்துவிடாதீர்கள்.

இப்போது வலிகளுக்கு வருவோம். அடிமுதுகு கடுத்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது குழந்தையின் மேல்பகுதி உங்களைவிட்டு விலகி வெளியே சாய்ந்திருக்கிறது. 6 கிலோ எடை உடம்போடு ஒட்டியிருந்தால் இடுப்பு தாங்கிக்கொள்ளும். அதே 6 கிலோ முன்னால் விலகினால், அதைச் சமன்செய்ய முதுகுத் தசைகள் ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். நீங்களும் அறியாமல் பின்னால் வளைந்து நிற்பீர்கள். தோள்கள் வலித்தால் எடை முழுவதையும் தோளே சுமக்கிறது என்று பொருள். அப்போது வாரை மேலும் இறுக்காதீர்கள். பெல்ட்டை அவிழ்த்து, உறுதியாக மறுபடி கட்டுங்கள். சரியாகக் கட்டியிருந்தால் தோள் வாரின் கீழே உள்ளங்கையைத் தட்டையாக நுழைக்க முடியும். கழுத்தோரம் வெட்டுவதுபோல் இருந்தால் முதுகுப் பக்கிள் மேலே ஏறியிருக்கிறது; அதை இறக்குங்கள். வார்கள் தோளின் வெளிப்பக்கம் நழுவினால் அதே பக்கிளைச் சற்று இறுக்குங்கள். கை மரத்துப்போனால் வார் அக்குளை அழுத்துகிறது; உடனே கழற்றிச் சரிசெய்ய வேண்டும்.

ஒரே கேரியரை இருவர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வீடுகளில் இந்தத் தொல்லை அதிகம். ஒருவருக்குச் சரியான அளவிலேயே மற்றவரும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவரவர் அளவைத் துணிப் பேனாவால் வாரில் குறித்துவையுங்கள்.

குழந்தை உள்ளே வைத்ததும் அழுதால் கேரியர் பிடிக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். நின்ற இடத்திலேயே வெகுநேரம் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தால் எந்தக் குழந்தையும் சிணுங்கும். தாய் தூக்கிக்கொண்டு நடக்கும்போது 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் அழுகை குறைந்து இதயத்துடிப்பும் மெதுவாகிறது என்று ஜான்லூகா எஸ்போசிட்டோ, குமி குரோடா குழுவினர் 2013இல் ஆய்வில் காட்டினார்கள். அதனால் கட்டி முடித்ததும் உடனே நடங்கள். முதல் சில நாட்கள், வயிறு நிறைந்து, தூக்கம் வராத நேரமாகப் பார்த்து, 15, 20 நிமிடம் போதும். உங்கள் தசைகளும் அதற்குள் பழகிக்கொள்ளும். தொடையில் லேசான சிவப்புக் கோடு விழுந்து சிறிது நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. பாதம் சில்லிட்டோ நிறம் மாறியோ இருந்தால் அடித்துணியின் அகலம் பொருந்தவில்லை.

முகத்தை வெளிப்பக்கம் திருப்பி வைக்கக் குழந்தைக்குத் தலை நன்றாக நிற்க வேண்டும். பொதுவாக 5, 6 மாதம் ஆகும். அதுவும் ஒரு தடவைக்கு 20, 30 நிமிடம்தான். கண் சொக்கத் தொடங்கினால் உடனே உள்பக்கம் திருப்பிவிடுங்கள், ஏனென்றால் அந்த நிலையில் தூங்கினால் தலைக்குத் தாங்கல் இல்லை. முதுகில் சுமப்பது, குழந்தை தானாக உட்காரப் பழகிய பிறகு. முதல் சில தடவை கட்டிலை ஒட்டி நின்று, இன்னொருவர் துணையோடு பழகுங்கள்.

கேரியரின் துணியையும் ஓர் அடுக்கு உடையாகக் கணக்கில் எடுத்து, குழந்தைக்கு ஓர் உடுப்பு குறைவாகவே போடுங்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் சூடு அதிகம். குழந்தை கேரியரில் இருக்கும்போது அடுப்பருகே நிற்பதும், கொதிக்கும் பானம் குடிப்பதும், வண்டி ஓட்டுவதும் கூடவே கூடாது. கீழே எதையாவது எடுக்க வேண்டுமென்றால் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுங்கள். இடுப்பை வளைத்துக் குனிந்தால் பெரிய குழந்தைகூட மேல்வழியாக நழுவலாம்.

துவைப்பது எளிது. பக்கிள்களைப் பூட்டிவிட்டு, மிதமான சோப்பில், லேபிள் சொல்லும் சூட்டில் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். குழந்தை சப்பும் தோள் வார்களுக்குத் தனி உறை போட்டுவிட்டால் கேரியர் முழுவதையும் அடிக்கடி நனைக்க வேண்டியதில்லை.

கழற்றும்போது அவசரம் வேண்டாம். கட்டிலையோ சோபாவையோ ஒட்டி நில்லுங்கள். ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டே தோள் வார்களைத் தளர்த்தி, முதுகுப் பக்கிளைத் திறந்து, வார்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள். குழந்தையை வெளியே எடுத்துப் படுக்க வைத்த பிறகுதான் இடுப்பு பெல்ட்டின் பக்கிளைத் தொட வேண்டும்.

நன்றி, வணக்கம்.