யார் வந்தாலும் தோற்கும் கிளப்புகள்: ஒரு நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். கால்பந்தில் மூன்று பின்கள வீரர்களை வைத்து ஆடும் முறையைப் பற்றிய சென்ற பேச்சுக்குப் பிறகு வந்த கேள்விகளில் ஒன்று என் மனத்தை விட்டு அகலவே இல்லை. நேயர் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: "மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த பயிற்சியாளர்கள் பெரும்பாலும் வேறு எங்கோ வென்று காட்டியவர்கள். இங்கே வந்ததும் அவர்களுடைய திறமை எங்கே போகிறது? அல்லது அவர்களுக்குப் போதிய காலம் கொடுக்கப்படுவதில்லையா?" இந்தக் கேள்வியின் முதல் வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. விடையின் பாதி அதிலேயே இருக்கிறது.

வந்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். லூயி வான் கால் 1995இல் அயாக்ஸ் அணியுடன், ஐரோப்பியக் கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கை வென்றவர். ஜோஸே மொரீன்யோ அதே கோப்பையை 2004இல் போர்ட்டோவுக்கும் 2010இல் இண்டர் மிலானுக்கும் பெற்றுத் தந்தவர். எரிக் டென் ஹாக் 2019இல் இளைஞர்கள் நிறைந்த அயாக்ஸை அரையிறுதி வரை கொண்டுசென்றவர். ரூபன் அமோரிம் 2021இல் ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு 19 ஆண்டுகளுக்குப் பின் லீக் பட்டத்தை மீட்டுக் கொடுத்தவர். பத்தே மாதத்தில் அனுப்பப்பட்ட டேவிட் மோய்ஸ்கூடப் பின்னாளில் வெஸ்ட் ஹாம் அணிக்கு 2023இல் ஓர் ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். இத்தனை பேரும் ஒரே ஊரில் மட்டும் ஆட்டத்தை மறந்துவிட்டார்கள் என்று நம்புவதற்கு எனக்கு மனம் இடம் கொடுக்கவில்லை.

ஆகவே, என் பேச்சுகளைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு நன்கு பழகிப்போன கேள்வியையே மறுபடியும் எழுப்புகிறேன்: ஒரு பயிற்சியாளர் போன பிறகு கிளப்பில் மிஞ்சுவது என்ன? அடுத்து வருபவர் யார் என்று எல்லோரும் பேசுகிறார்கள். எது மிஞ்சுகிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பயிற்சியாளர் இரண்டாண்டுகள் நிலைப்பதே அரிதாகிவிட்ட காலத்தில், அவருக்காக வாங்கப்படும் ஆட்டக்காரர்கள் நான்கைந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வருகிறார்கள். அவர் போய்விடுவார், அவர்கள் இருப்பார்கள். இப்படி மூன்று பயிற்சியாளர்கள் வந்து போன பிறகு உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருப்பது ஓர் அணி அன்று. மூன்று வெவ்வேறு அணிகளின் மிச்சங்கள் அங்கே ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. நான்காவதாக வருபவர், தாம் கேட்காத ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு, தமக்கு மட்டுமே தெரிந்த ஆட்டத்தை ஆடவைக்க வேண்டியிருக்கிறது.

வான் கால் 2015இல் பாஸ்டியன் ஷ்வைன்ஷ்டைகரை வாங்கினார். முந்தைய ஆண்டில்தான் உலகக் கோப்பையை வென்றிருந்த அந்த ஜெர்மானிய நடுக்கள வீரர், பந்தைப் பொறுமையாகத் தம் வசம் வைத்துக்கொண்டு ஆடும் வான் காலின் முறைக்குப் பொருத்தமானவர். மறு ஆண்டே வான் கால் போனார், மொரீன்யோ வந்தார். ஷ்வைன்ஷ்டைகர் முதல் அணியோடு சேராமல் தனியே பயிற்சி செய்யும் நிலைக்குத் தள்ளப்பட்டு, 2017இல் அமெரிக்காவுக்குச் சென்றுவிட்டார். ஆங்கேல் தி மரியாவோ, 2014இல் ஏறத்தாழ 6 கோடி பவுண்டுக்கு, அன்றைய பிரிட்டிஷ் சாதனை விலைக்கு வந்து, ஒரே பருவம் ஆடிவிட்டுப் பாரிஸுக்குப் போனார். இவர்கள் ஆட்டம் தெரியாதவர்கள் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஒருவருடைய திட்டத்துக்காக வாங்கப்பட்டவர் அடுத்தவருடைய திட்டத்தில் இடமில்லாமல் நிற்கிறார், அவ்வளவுதான்.

இதே கதை அமோரிமின் வருகையில் இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. டென் ஹாக்குக்கு 2024 ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அந்தக் கோடையில் ஏறத்தாழ 20 கோடி பவுண்டு செலவழித்தார்கள். வாங்கப்பட்டவர்களில் மத்தைஸ் டி லிக்ட், நுசைர் மஸ்ராவி இருவரும் அயாக்ஸில் அவரிடம் ஆடியவர்கள். அக்டோபர் 28ஆம் தேதி அவரையே நீக்கிவிட்டார்கள். அடுத்து வந்த அமோரிமின் முறை 3-4-3 (பின்களத்தில் மூவர், நடுக்களத்தில் நால்வர், முன்களத்தில் மூவர்) என்பது ஸ்போர்ட்டிங்கின் ஆட்டத்தைப் பார்த்த யாவருக்கும் தெரிந்ததுதான். அவர் அதை ஒளித்துவைக்கவும் இல்லை. சென்ற பேச்சில் விளக்கியபடி, அந்த முறையில் ஓரத்தில் ஒரே ஆள்தான் இருப்பார். முன்னால் ஓரமாகத் தாக்கும் விங்கர் செய்யும் வேலையையும் பின்னால் ஓரத்தைக் காக்கும் ஃபுல்-பேக் செய்யும் வேலையையும் அந்த விங்-பேக்தான் சேர்த்துச் செய்ய வேண்டும். யுனைடெட்டில் இருந்ததோ அதற்கு நேர்மாறான அணி. ராஷ்ஃபோர்ட், கர்னாச்சோ, ஆண்டனி என்று விங்கர்கள் நிறைய இருந்தார்கள்; விங்-பேக் என்று சொல்லத்தக்கவர் ஏறக்குறைய ஒருவரும் இல்லை. விங்கரான அமாத் தியாலோவைக் கீழே இறக்கி ஆடவைத்தார்கள். பிப்ரவரித் தொடக்கத்தில் இடப்பக்கத்துக்கென்று பாட்ரிக் டோர்குவை வாங்கினார்கள். ராஷ்ஃபோர்டும் ஆண்டனியும் கடனாக வேறு கிளப்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தப் பருவம் லீக்கில் 15ஆம் இடத்தில் முடிந்தது.

அமோரிமின் பிடிவாதத்தை விமர்சிக்கலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அவரை விமர்சிக்கும் முன், நான்கு பின்கள வீரர்களையும் விங்கர்களையும் வைத்து ஆடும் முறைக்காக அந்தக் கோடையிலேயே பணத்தைக் கொட்டிவிட்டு, பருவத்தின் நடுவில், அந்த முறையில் ஆடாத ஒருவரைத் தேடிப்போய் அழைத்துவந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். டென் ஹாக்கையும் அவருடைய உதவியாளர்களையும் அனுப்புவதற்கு மட்டும் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் செலவானதாகக் கிளப்பின் கணக்கறிக்கையே காட்டியது. நியூகாசிலிலிருந்து அழைத்து வரப்பட்ட விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வொர்த் ஜூலையில் பொறுப்பேற்று டிசம்பரில் வெளியேறினார். பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டியவரே அவ்வளவு விரைவில் போய்விடும் இடத்தில், எந்த ஆட்டத்தை ஆடப்போகிறோம் என்ற நினைவை யார் காப்பது?

இந்தத் தடுமாற்றம் தொடங்கிய நாளையும் சொல்ல வேண்டும். 1986 முதல் யுனைடெட்டின் பயிற்சியாளராக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன் 2013 கோடையில் ஓய்வுபெற்றார் என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் அதே கோடையில் விலகினார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஃபெர்குசனுக்குப் பின் வந்த மோய்ஸ் எவர்டனிலிருந்து தம் உதவியாளர்களைக் கொண்டுவர, ஃபெர்குசனின் பயிற்சிக் குழுவில் முக்கியமானவர்களும் வெளியேறினார்கள். ஆட்டக்காரர்களை வாங்கத் தெரிந்தவர், பேரம் பேசத் தெரிந்தவர், அன்றாடப் பயிற்சியை நடத்தத் தெரிந்தவர்கள் ஆகிய எல்லோரும் ஒரே மூச்சில் போய்விட்டார்கள். மிஞ்சியது ஃபெர்டினாண்ட், விடிச், எவ்ரா, கிக்ஸ் போன்ற வயதேறிய வீரர்கள். அந்த முதல் கோடையில் பெரிய வரவு என்று சொல்ல ஃபெல்லைனி ஒருவர்தான். அவரும் கடைசி நாளில் வந்தவர். முந்தைய பருவத்தில் 11 புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்ற அணி, மோய்ஸ் நீக்கப்பட்ட அந்தப் பருவத்தை 7ஆம் இடத்தில் முடித்தது.

இந்த நோய் ஒரே கிளப்புக்கு உரியதன்று. எவர்டன் 2017இல் ரொமேலு லுகாகுவை விற்ற பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெய்ன் ரூனி, கில்ஃபி சிகுர்ட்சன், டாவி கிளாசன் என்ற மூவரைக் கொண்டுவந்தது. மூவருமே முன்கள வீரருக்குச் சற்றுப் பின்னால், ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்று ஆட விரும்புகிறவர்கள். கோல் அடித்துக்கொண்டிருந்த லுகாகுவுக்கு ஈடாக ஒருவரும் வரவில்லை. அக்டோபரில் அணி 18ஆம் இடத்தில் இருந்தபோது பயிற்சியாளர் ரொனால்ட் கூமன் நீக்கப்பட்டார். கடைக்குப் போனவர்கள் எத்தனை பேர், ஒருவர் வாங்கியது மற்றவருக்குத் தெரியுமா என்ற விசாரணை நடந்திருக்க வேண்டிய இடத்தில், பயிற்சியாளர் மாற்றம் நடந்தது.

"செல்சியும்தான் பயிற்சியாளர்களை மாற்றிக்கொண்டே இருந்தது, ஆனால் வென்றதே" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2012 மார்ச்சில் வில்லாஸ்-போவாஸை அனுப்பிவிட்டு, தற்காலிகமாக ராபர்ட்டோ தி மத்தேயோவை உட்காரவைத்தார்கள். மே மாதம் மியூனிக்கில், பயர்ன் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே வென்று சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார்கள். ஆனால் அன்று அங்கே மிஞ்சியிருந்தது என்ன என்று பாருங்கள்: கோலில் பீட்டர் செக், நடுக்களத்தில் லாம்பார்ட், முன்னால் ட்ரோக்பா, இறுதி ஆட்டத்தில் தடை காரணமாக ஆட முடியாமல் போனாலும் அணியின் முதுகெலும்பாக ஜான் டெர்ரி. பல ஆண்டுகள் சேர்ந்து ஆடி, தங்களுக்குள் ஒழுங்கை வைத்திருந்த கூட்டம் அது. 2022இல் உரிமையாளர் மாறியபோது, பேரங்களை நடத்திய மரீனா கிரனோவ்ஸ்கயாவும் ஆலோசகராக இருந்த செக்கும் போய்விட்டார்கள். அடுத்த பருவத்திலேயே செல்சி 12ஆம் இடத்துக்கு இறங்கியது. பயிற்சியாளர்களை மாற்றும் பழக்கம் முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. மாற்றத்தைத் தாங்கும் அடித்தளம் முன்பு இருந்தது, பின்பு இல்லை.

அந்தப் பருவத்தில்தான் எனக்கு மிகப் பிடித்த சான்று கிடைத்தது. இதை முன்பும் சொல்லியிருக்கிறேன், இன்னும் பலமுறை சொல்வேன். 2022 செப்டம்பரில் பிரைட்டன் கிளப்பின் பயிற்சியாளர் கிரஹம் பாட்டரைச் செல்சி அழைத்துக்கொண்டது, அவருடைய உதவியாளர்களோடு சேர்த்து. பருவம் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. பிரைட்டன் நிலைகுலைந்திருக்க வேண்டும். ஆனால் ராபர்ட்டோ தி செர்பி வந்தார். அணி 6ஆம் இடத்தில் முடித்து, தன் வரலாற்றிலேயே முதன்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதிபெற்றது. செல்சியில் பாட்டர் ஏப்ரல் தொடக்கத்திலேயே நீக்கப்பட்டார். தம் ஆளை இழந்த சிறிய கிளப் ஏறியது, அவரைப் பெற்ற பெரிய கிளப் இறங்கியது. பிரைட்டனின் உரிமையாளர் டோனி புளூம் தரவுகளை வைத்து முடிவெடுப்பவர். இன்றைய பயிற்சியாளர் போனால் யாரை அழைப்பது என்ற பட்டியலை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பது அங்கே வழக்கம். தி செர்பியும் 2024இல் போனார், 31 வயதான ஃபாபியான் ஹுர்ட்செலர் வந்தார், அணி 8ஆம் இடத்தில் முடித்தது. ஆட்டக்காரர்களை யார் தேடுகிறார்கள், எந்த வகை ஆட்டக்காரர்களைத் தேடுகிறார்கள் என்பது பயிற்சியாளரோடு சேர்ந்து வாசலைத் தாண்டிப் போகவில்லை.

லிவர்பூலில் யூர்கன் கிளாப் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு 2024இல் விலகியபோது, ஃபெர்குசனுக்குப் பின் யுனைடெட்டுக்கு நேர்ந்ததே இவர்களுக்கும் நேரும் என்று பலர் அஞ்சினார்கள். கிளாப் தம் முடிவை ஜனவரியிலேயே அறிவித்துவிட்டதால் தேடுவதற்குக் காலம் இருந்தது. இருக்கிற அணிக்குப் பொருந்துகிற ஆட்டத்தை ஆடவைப்பவர் யார் என்று தேடி ஆர்னே ஸ்லாட்டைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கோடையில் முதல் அணிக்கு வந்த புதியவர் ஃபெடெரிக்கோ கியேசா ஒருவரே. நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே லீக் பட்டம் அவர்கள் கைக்கு வந்துவிட்டது.

இன்னொன்றையும் விட்டுவிட முடியாது. புதியவர் வந்ததும் சில வாரங்கள் அணி வெல்வதைப் பார்த்து, நியமனம் சரிதான் என்று முடிவுகட்டுகிற பழக்கம் இருக்கிறது. 1986 முதல் 2004 வரையிலான நெதர்லாந்து லீக் ஆட்டங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வேல், அதே அளவு சரிவில் இருந்தும் பயிற்சியாளரை மாற்றாத அணிகளும் ஏறக்குறைய அதே அளவு மீண்டன என்று காட்டினார். சரிவின் ஆழத்தில் ஆளை மாற்றுகிறோம். அதற்கு மேல் இறங்க இடமில்லாதபோது அணி தானாகவே சற்று மேலே வருகிறது. அந்தப் பெருமை புதியவருக்குப் போகிறது. யுனைடெட்டில் சோல்ஷர் 2018 டிசம்பரில் தற்காலிகமாக வந்து முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார், மார்ச்சில் பாரிஸில் 3-1 என்ற வியக்கத்தக்க வெற்றியையும் பெற்றார். அந்த மாத இறுதியிலேயே நிரந்தர ஒப்பந்தம் தந்துவிட்டார்கள். ஏப்ரலில் எவர்டனிடம் 4-0 என்று தோற்றார்கள், ஏற்கெனவே கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்ட ஹடர்ஸ்ஃபீல்டோடு சமன் செய்தார்கள், கடைசி ஆட்டத்தில் அதேபோல் இறங்கிவிட்ட கார்டிஃபிடம் சொந்த மைதானத்தில் தோற்றார்கள். பருவம் முடியும்வரை பொறுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

காலம் போதவில்லையா என்று நேயர் கேட்டதற்கு இப்போது வருகிறேன். காலம் கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்பதற்கு எல்லோரும் ஃபெர்குசனையே எடுத்துக்காட்டுகிறார்கள். 1986 நவம்பரில் வந்த அவருக்கு முதல் கோப்பை 1990இல்தான் கிடைத்தது; அந்த ஆண்டு லீக்கில் அணி 13ஆம் இடத்தில் இருந்தது; லீக் பட்டம் 1993 வரை வரவில்லை. இவை அனைத்தும் உண்மை. ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை விட்டுவிட்டு ஆண்டுகளை மட்டும் எண்ணுவதில் பயன் இல்லை. சிறுவர்களைத் தேடும் வலையை விரிவாக்கினார், இளையோர் பயிற்சியைத் திருத்தி அமைத்தார், யாரை வாங்குவது, யாரை அனுப்புவது என்பதைத் தாமே தீர்மானித்தார். கிக்ஸும் பெக்கமும் கேரி நெவிலும் ஆடிய இளையோர் அணி 1992இல் கோப்பை வென்றது அந்த உழைப்பின் பலன். இன்றைய தலைமைப் பயிற்சியாளருக்கு அந்த அதிகாரத்தில் பெரும்பகுதி இல்லை. ஆட்டக்காரர்களைத் தேடுவதும் விலை பேசுவதும் வேறு மேசைகளில் நடக்கின்றன. அந்த மேசைகளில் இருப்பவர்களுக்கு எந்த ஆட்டம் வேண்டும் என்ற தெளிவு இல்லையென்றால், பயிற்சியாளருக்கு ஐந்து ஆண்டுகள் கொடுத்தாலும் ஐந்து கோடைகளில் ஐந்து வகை ஆட்டக்காரர்களைத்தான் அவர் முன் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.