ஓர் இலங்கை ரூபாய்க்கு ஒன்றரை இந்திய ரூபாய் கிடைத்த காலம்

வணக்கம். சிங்கப்பூர் தேக்காவில், சிராங்கூன் சாலை ஓரமாக நின்று பேசுகிறேன். இடையில் பஸ் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பது நாணய மாற்றுக் கடையின் பலகை. இந்திய ரூபாய் ஒரு வரி, இலங்கை ரூபாய் ஒரு வரி, இரண்டுமே சிங்கப்பூர் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர் கணக்கில். ஓர் இந்திய ரூபாய்க்கு எத்தனை இலங்கை ரூபாய் என்று இந்தப் பலகையில் இருக்காது. அந்த இரண்டு நாணயங்களையும் நேருக்கு நேர் வாங்கி விற்பவர்கள் மிகக் குறைவு. அமெரிக்க டாலர்தான் நடுவில் நிற்கிறது. ஆகவே பழைய விலை வேண்டுமென்றால், அந்தந்த நாளில் ஒரு டாலருக்கு இங்கே எத்தனை, அங்கே எத்தனை என்று எடுத்து வகுக்க வேண்டும்.

அப்படி வகுத்துப் பார்த்ததைத்தான் இன்று சொல்லப் போகிறேன். இலங்கை ரூபாய் என்றைக்குமே இந்திய ரூபாய்க்குக் கீழே இருந்தது என்று இளையவர்கள் பலர் உறுதியாக நம்புகிறார்கள். அது உண்மையே இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை இந்திய வெள்ளி ரூபாயைத் தன் அடிப்படை நாணயமாக ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து பல தலைமுறைகளுக்கு ஒன்றுக்கு ஒன்றுதான். (நம் சிங்கப்பூரிலும் 1867 வரை சட்டப்படியான நாணயம் இந்திய ரூபாய்தான், சந்தையிலோ ஸ்பானிய வெள்ளி டாலர்தான் ஓடியது.) 1949 செப்டம்பரில் பிரிட்டிஷ் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டபோது இந்தியாவும் இலங்கையும் கூடவே இறங்கின. இரண்டுக்கும் டாலர் 4.76 ரூபாய். 1950 ஆகஸ்டில் இலங்கைக்கென்று தனி மத்திய வங்கி வந்த பிறகும் அந்தச் சமநிலை மாறவில்லை.

1966 ஜூன் 6 அன்று இந்தியா தன் ரூபாயை டாலருக்கு 4.76லிருந்து 7.50க்கு இறக்கியது. இலங்கை அசையவில்லை. ஒரே நாளில், கணக்குப்படி, ஓர் இலங்கை ரூபாய்க்கு 1.58 இந்திய ரூபாய். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் பணம் அனுப்ப நினைத்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் நினைத்தவர் எல்லாம் அந்த விலையில் மாற்றிவிட முடியாது. இரண்டு நாடுகளிலும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலம் அது.

1967 நவம்பரில் பவுண்டு மறுபடி சரிந்தது. இந்த முறை இலங்கையும் 20 விழுக்காடு குறைத்து டாலருக்கு 5.95க்கு வந்தது. வகுத்தால் 1.26. பழைய பட்டியல்களைப் பார்ப்பவர்கள் இதற்குப் பிறகு மிகவும் கவனமாக இருக்க வேண்டும். 1968 மே மாதத்தில் இலங்கை அரசு அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் என்ற முறையைக் கொண்டுவந்தது. அரிசி போன்ற அத்தியாவசியப் பொருள்களுக்கு அதிகாரபூர்வ விலை; மற்ற இறக்குமதிக்கு அதற்கு மேல் 44 விழுக்காடு கூடுதல். அந்தக் கூடுதல் பின்னர் 55 ஆகி, 65 ஆனது. ஒரே நாட்டில், ஒரே நாளில், டாலருக்கு இரண்டு விலை! அந்த ஆண்டுகளுக்கு ஒரே ஓர் எண்ணைத் தருகிற அட்டவணை பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

1977 நவம்பரில், ஆட்சிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்த ஜே. ஆர். ஜயவர்தன அரசு இரண்டு விலைகளையும் ஒன்றாக்கி, டாலருக்கு ஏறக்குறைய 16 ரூபாய் என்று வைத்தது. இந்தியாவில் அப்போது ஒன்பதுக்குச் சற்றுக் கீழே. அதிகாரபூர்வ விலையில் அப்போதுதான் நாம் இன்று பழகியிருக்கும் திசை வந்தது: ஓர் இந்திய ரூபாய்க்கு 1.8 இலங்கை ரூபாய். அதற்குப் பிறகும் ஒரே சரிவு இல்லை. 1991 ஜூலை 1, 3 ஆகிய நாள்களில் இந்தியா தன் ரூபாயை இரண்டு படிகளில் இறக்கியபோது, இரண்டை நெருங்கியிருந்த விகிதம் மீண்டும் 1.6 அளவுக்கு வந்தது.

2022ஐப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. 2021 செப்டம்பரிலிருந்து இலங்கையில் டாலர் 200 முதல் 203 ரூபாய் வரை பிடித்து நிறுத்தப்பட்டிருந்தது. உண்டியல்காரர்கள், அதாவது வங்கிக்கு வெளியே பணம் அனுப்பித் தருபவர்கள், அதைவிட அதிகம் கொடுத்தார்கள். சட்டப்படி வங்கி வழியே அனுப்பிய தொழிலாளிக்குத்தான் நட்டம். வெளிநாட்டில் உழைப்பவர்கள் 2020இல் முறைப்படி அனுப்பிய தொகை சுமார் 710 கோடி டாலர். 2021இல் அது ஏறக்குறைய 550 கோடிக்கு இறங்கிவிட்டது. நாட்டுக்கு டாலர் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில், நிறுத்தி வைத்த அந்த விலையே டாலரை வாசலிலிருந்து திருப்பி அனுப்பியது. 2022 மார்ச் 7இல் பிடியைத் தளர்த்தினார்கள். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தினார்கள். மே மாதத்தில் டாலர் 360ஐத் தொட்டது. இந்திய ரூபாய்க்கு 2.7 ஆக இருந்தது 4.6 ஆகிவிட்டது. பிறகு இலங்கை ரூபாய் ஓரளவு மீண்டு, மூன்றரைப் பக்கம் வந்திருக்கிறது.

2022க்கு, முழு ஆண்டின் சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். சராசரி நான்கைச் சற்றுத் தாண்டும். முதல் இரண்டு மாதங்களில் உண்மை விலை அதற்கு வெகு கீழே, மே மாதத்துக்குப் பிறகு அதற்கு மேலே. மாதக் கடைசி விலையை எடுங்கள். ஒரு விலை மாதக்கணக்கில் அசையாமல் கோடு போட்டதுபோல் இருந்தால், அதைப் பலம் என்று எண்ணிவிடாதீர்கள். அதே நேரத்தில் உண்டியல் விலை என்னவாக இருந்தது என்று தேடுங்கள். 1966க்கு முந்தைய இந்தியாவும் இப்படித்தான் இருந்தது, 2021இன் இலங்கையும் இப்படித்தான் இருந்தது.

உங்கள் வீட்டில் சிங்கப்பூரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ தமிழ்நாட்டுக்கோ அனுப்பிய பழைய மணியார்டர் ரசீது, மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கி (செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய இடம்) கணக்குச் சீட்டு ஏதாவது இருக்கிறதா? பெயர், முகவரியை மறைத்துவிட்டுப் படம் அனுப்புங்கள். தேதியும் தொகையும் தெரிந்தால் போதும். மத்திய வங்கிகளின் அட்டவணை விலையையும் மக்களுக்குக் கையில் கிடைத்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடுத்த காணொளியில் பார்ப்போம். முதலில் 1966 முதல் 1977 வரையிலான ரசீதுகளை எடுத்துக்கொள்கிறேன்.